சிவக்காத மஞ்சள்

மாடிப்படியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே குருவையாவுக்கு உடம்பு கூசியது. விடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் காக்கையின் கழுத்துச் சாம்பல்கூடத் தெரிகிற மாதிரி பளிச்சென்று விடிந்துவிட்டது. பேத்தி பிறந்த இந்த ஒரு மாதத்தில் பீத்துணி வாளியோடு அவர் வெளிச்சத்தில் நின்றதே இல்லை. தெரு எழுந்திருப்பதற்கு முன்னால், மாடியில் மாட்டியிருக்கும் மஞ்சள் குண்டு பல்பின் கீழே அலசி, துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கி, ஒன்றுமே செய்யாதவர் போல வாசலில் பேப்பர் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். வால்வு திருகும் இரும்புச் சாவியோடு இருட்டில் தெருத் தெருவாக நடந்த கால் அது. இருட்டு அவருக்கு ஒரு கஷ்டமே இல்லை. யாராவது பார்த்துவிடுவதுதான் கஷ்டம். பார்த்துவிட்டு, ஐயோ பாவம், பொம்பளை இல்லாத வீடு என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். மனைவி சண்முகத்தாய் இருந்திருந்தால் என்று ஆரம்பித்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டார். இருந்திருந்தால் என்ன, இல்லை, அவ்வளவுதான். மகள் ஈஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள்; வீட்டில் தாய் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. தையல் ஆறாமல் அவளால் குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. பிறகு யார்தான் துவைப்பது? இன்றைக்கு மட்டும் நேரம் தப்பிவிட்டது. பேர் வைக்கிற நாள். பூவும் இலையும் அரைஞாண் கயிறும் வாங்க விடியற்காலையிலேயே கடைவீதிக்கு ஓட வேண்டியதாயிற்று. பரமக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் கிளம்பியாகிவிட்டது. அவர்கள் வந்து இறங்குவதற்குள் துணி கொடியில் ஏறிவிட வேண்டும். குனிந்தே நின்றால் கைப்பிடிச் சுவர் மறைத்துக்கொள்ளும். குனிந்தே நின்றார்.

துணி என்றால் இப்போது வேட்டிக் கிழிசல் இல்லை. மாப்பிள்ளை ஆனந்தராஜ் வாங்கி அனுப்பியது. இடுப்பில் பட்டன் போடுகிற மாதிரி ஒன்று, அதற்குள்ளே தனியாகச் செருகுகிற பட்டை ஒன்று, எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைத்துக் கட்டலாமாம். பட்டை எல்லாம் வெள்ளை. முதல் வாரத்தில் அந்த வெள்ளையில் கடுகை அரைத்துப் பூசின மாதிரி கறை. சுடுதண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று நினைத்து ஊற்றினார். கறை துணியோடு சேர்ந்து வெந்து அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு பட்டைகள் இன்றைக்கும் கண்ணை உறுத்திக்கொண்டுதான் கிடக்கின்றன. யாரிடமாவது கேட்கலாம் என்றால் வாய் வராது. மளிகைக் கடையில் போய் வேட்டியில் கறை என்று பொய் சொல்லித்தான் சோடா உப்பு வாங்கினார். “எதுல ஆன கறைண்ணாச்சி, சாம்பாரா?” என்று கடைக்காரர் கேட்க, ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். வீடு வரும்வரைக்கும் வெட்கத்தில் காது சுட்டது. தானாகத்தான் கண்டுபிடித்தார். முதலில் பச்சைத்தண்ணீர், வெறும் தண்ணீர், கையால் கசக்காமல் தண்ணீர் விழுகிற வேகத்திலேயே கழன்று போகவேண்டும். பிறகு சோடா உப்பில் ஊறல். பிறகு பார் சோப்பு. மிச்சம் இருக்கிற கறைமேல் எலுமிச்சைச் சாறு தடவி, பிழிந்தும் பிழியாமலும் ஈரத்தோடு வெயிலில் போட்டால், அருப்புக்கோட்டை வெயில் மத்தியானத்துக்குள் அதைத் தின்றுவிடும். பின் வந்த வாரங்களில் கறை குறைந்தது. குறைந்து குறைந்து, எலுமிச்சைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. “என்னத்தப் போடுறீங்க மாமா, இப்பிடிப் பால் மாதிரி வெளுக்குது?” என்று வேலம்மா கேட்டபோது அவருக்கு மார்பு விரிந்தது. பக்கத்து வீட்டு வேலம்மாதான் தினமும் வந்து பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிவிடுகிறவள். அவள் ஒருத்திக்குத்தான் துவைக்கிற கை யாருடையது என்று தெரியும். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சம்பந்தியம்மா சந்தனமாரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: “ஆம்பளை பாக்குற பிரசவமாக்கும். அதையும்தான் பாப்பமே.” கொடியில் வரிசையாகத் தொங்கும் வெள்ளைதான் அந்த வார்த்தைக்கு அவர் வைத்திருந்த பதில். இன்றைக்கு அவள் மாடிக்கு வந்து பார்க்கட்டும். பார்ப்பாள்.

முதல் பட்டையை எடுத்து விரித்தார். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மஞ்சளாக, ஒரே பழுப்பாகத் தெரியும். தண்ணீர் ஊற்றுவார், போய்விடும், அடுத்தது. இப்போது காலை வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. பிள்ளை போயிருந்தது சுவருக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டி மாதிரி இருந்தது. பச்சரிசி மாவைக் கரைத்துக் கொட்டி அரைகுறையாகக் காய்ந்த மாதிரி. தண்ணீர் பட்டதும் கழன்று ஓடியது, அதன் கீழே துணியில் ஒன்றுமே இல்லை, கறை இருந்த அடையாளம்கூட இல்லை. நல்லதுதானே என்றார் மனதுக்குள். நல்லதுதான். பட்டையின் முன்பக்கம் மட்டும் மஞ்சள். மூத்திரம் நனைத்த இடம், உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் கட்டினாற்போல். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிற பிள்ளை, ஒட்டத்தான் செய்யும். அப்படிச் சொல்லிக்கொண்டே சோப்பை எடுத்துத் தேய்த்தார். தேய்க்கிற கை நின்றது. சிவக்கவில்லை. மஞ்சள் ஒட்டின துணியில் சோப்புப் பட்டால் சிவக்கும், ரத்தம் மாதிரிக்கூடச் சிவக்கும், அது யாருக்குத்தான் தெரியாது. சண்முகத்தாயின் ரவிக்கைக் கழுத்து அப்படிச் சிவந்து நுரையோடு கிடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். சோப்பை அழுத்தித் தேய்த்தார். திருப்பித் தேய்த்தார். நுரை வந்தது. நுரையை வழித்துவிட்டுப் பார்த்தால் அடியில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சோப்பு மட்டமானதாக இருக்கும். அதே சோப்புதான். தண்ணீர் உப்புத்தண்ணீராக இருக்கும். அதே தண்ணீர்தான், அவர் கையாலேயே பல வருஷம் திறந்துவிட்ட தண்ணீர். அப்புறம்தான் வேலம்மா நினைவு வந்தது, நெஞ்சில் ஈரத்துணியால் அடித்த மாதிரி வந்தது. வேலம்மா வரவே இல்லையே. காரியாபட்டியில் அவள் சித்தப்பா இறந்து, அங்கே போய்விட்டு வந்தவள் தீட்டு என்று பிள்ளையைத் தொடாமல் இருக்கிறாள். முந்தாநாளும் இல்லை, நேற்றும் இல்லை. ஈஸ்வரி வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை முக்கித் துடைத்துவிடுவதோடு சரி. மஞ்சள் பிள்ளையைத் தொடவே இல்லை. பிறகு துணியில் இருக்கிற மஞ்சள் எங்கேயிருந்து வந்தது? வெளியேயிருந்து வரவில்லை. வெளியேயிருந்து வரவில்லை என்றால். அந்த நினைப்பை முடிக்காமல் அடுத்த பட்டையை எடுத்தார்.

அதுவும் அப்படியே. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் போகும், பால் குடிக்கிற பிள்ளைதானே. போன வாரம் ஈஸ்வரி கேட்டது காதில் விழுந்திருந்தது. “அக்கா, பாப்பா வெள்ளையா போறாளே?” வேலம்மா சிரித்தாள்: “பாலு குடிக்கிறவ வெள்ளையாத்தான்டி போவா. கருப்பட்டியா திங்கிறா?” இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கதவருகே நின்றிருந்தவர், பெண்கள் பேச்சு என்று சத்தமில்லாமல் விலகிப் போனார். விலகிப் போகாமல் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார்? முதல் வாரமும் இவள் பால்தானே குடித்தாள், அப்போது ஏன் கடுகு நிறம் என்று கேட்டிருப்பார். கேட்டிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று அந்த நர்ஸ், சின்னப் பெண், “வீட்டுல பொம்பளையாளு யாரும் வரலையா தாத்தா?” என்று கேட்டு, இல்லை என்றதும் எல்லாவற்றையும் அவரிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுக்கிற முறை, காம்பு வெடித்தால் என்ன செய்வது, தையல். அவர் தரையில் பதித்த கல்லையே பார்த்துக்கொண்டு சரிம்மா, சரிம்மா என்றார். அதற்கு நடுவில்தான் இதையும் சொன்னாள். “பிள்ளைக்கு லேசா மஞ்சள் இருக்கு. பயப்படாதீங்க, நெறையப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான். ரெண்டு வாரத்துல போகலைன்னா மட்டும் வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க, தூக்கிட்டு வந்துரணும். சரியா தாத்தா?” சரிம்மா. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தோமா? பார்த்தோம். மஞ்சளாகத்தான் இருந்தாள். மஞ்சள் பூசின பிள்ளை மஞ்சளாக இல்லாமல் எப்படி இருப்பாள். கண்ணைப் பார்த்தோமா? கண்ணைச் சுற்றிக் காது வரைக்கும் மை. பார்க்க வந்தவர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள்? பிள்ளையின் நிறத்தைப் பேசினால் கண் பட்டுவிடும் என்று, வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, “கழுதைக்குட்டி மாதிரி இருக்கா” என்று வாய்க்குள்ளே சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதுதான் மரியாதை. கழுதைக்குட்டி. கழுதைக்குட்டி நன்றாகத்தான் இருப்பாள், ஒன்றுமில்லை, வெயில் இல்லாத அறையில் கிடக்கிறாள், அதனால். கையை வச்சாலே வெளுத்துருதுங்க. யார் சொன்னது? வேலம்மாவா? வேலம்மா இல்லை. குரல் வேறு. கையை வச்சாலே வெளுத்துருதுங்க, பாவம், நமக்கு வேலையே வைக்கல. சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பழைய வீட்டில், தட்டில் கம்மங்கூழ், இரவெல்லாம் வால்வு திறந்துவிட்டு வந்த அசதி. சண்முகத்தாய் வாசல் கல்லில் துணி அலசிக்கொண்டே திரும்பிச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவன் துணி மட்டும் கையை வச்சாலே வெளுத்துருதுங்க. பெரியவன். ஈஸ்வரிக்கு முன்னால் பிறந்தவன். அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, ம் என்றார். குப்புற விழுகிற பருவத்தில் அவனுக்கு வயிறு உப்பியது. செவ்வாப்புச் சீக்கு என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், வெளியிலிருந்து வந்த யாருடைய பார்வையோ என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். என்னென்னவோ காரணம் சொன்னார்கள், துணியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, துணியைப் பற்றி யார் நினைப்பார்கள். இல்லை, அது வேறு, இது வேறு. அன்றைக்குக் கட்டினது பழைய வேட்டி. நைந்த துணி சீக்கிரம் வெளுக்கும். அதைத்தான் சொல்லியிருப்பாள். வேறெதையும் சொல்லவில்லை. கையை வச்சாலே. கையை வச்சாலே. பிழிந்தார், உதறினார், கொடியில் போட்டார், கிளிப்பு மாட்டினார், அடுத்ததுக்குக் குனிந்தார், வாளி காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கொடியில் எல்லாப் பட்டைகளும் தொங்கின. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரே இடைவெளி, ஒரே மாதிரி கிளிப்பு, வெந்துபோன அந்த இரண்டைத் தவிர எல்லாம் பளீரென்று. மனசு எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தபோது கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இதுதான் என்று யாரிடமும் எதையும் நீட்ட முடியாது. அப்போது அவருக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அது நிம்மதி இல்லை என்றும் தெரிந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டார். காட்ட ஒன்றுமில்லை என்றால் சொல்லவும் ஒன்றுமில்லை. பேர் வைத்து முடியட்டும். சாப்பாடு முடியட்டும். அவர்கள் ஊருக்குக் கிளம்பட்டும், சாயங்காலம் ஈஸ்வரியிடம் மெதுவாக, நாளைக்கு ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாமா என்று கேட்கலாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை. ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது. ஒன்றுமே இல்லாமல் இருந்து, பேர் வைக்கிற நாளில் பிள்ளைக்குச் சீக்கு என்று வாய்விட்டுச் சொன்ன கிழவன் என்று பேரெடுப்பதா? பிள்ளையின் பீயை விரித்துப் பார்க்கிற ஆம்பளை என்று பரமக்குடி பூராவும் சிரிக்கும். சந்தனமாரி அப்போதே ஈஸ்வரியையும் பேத்தியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். போனாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லாமல் இல்லை. கீழே வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. “எங்க எங்க ஊட்டுக் கழுதைக்குட்டி?” என்ற சந்தனமாரியின் குரல் படியேறி மாடிவரை வந்தது. வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்த கையை முகர்ந்தார். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

“அப்பா, ஒரு நிமிஷம் வாங்க!”

ஈஸ்வரி உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். இறங்கிப் போனார். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் தொட்டில் கட்டி, சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரமாக உள்ளறைக்குப் போனார். ஈஸ்வரி புதுப்புடவையில் இருந்தாள். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, மையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான் போனா. இத மட்டும் எடுத்துட்டுப் போய்ப் போட்டுருங்கப்பா. அத்தை பிள்ளையக் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

சுருட்டின துணி கையில் வந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. மாடிக்குப் போகிற படி கூடத்தின் அந்தப் பக்கம். வழக்கமாகச் செய்வதுபோல் துணியை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு நடந்தார். படியில் ஒரு காலை வைத்துவிட்டார். மேலே வாளி இருந்தது, குழாய் இருந்தது, சோப்பு ஈரத்தோடு கிடந்தது.

“என்ன சம்பந்தி, வந்தவகள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம எங்க ஓடுறீக? கையில என்ன, பலகாரமா?”

கூடம் பூராவும் சிரித்தது. குருவையா காலைப் படியிலிருந்து எடுத்தார். திரும்பி வந்தார். தொட்டிலுக்குக் கீழே, ஜமுக்காளத்தின்மேல், சந்தனமாரிக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, துணியைப் பிரித்து விரித்தார்.

“அப்பா!” ஈஸ்வரி உள்ளறை வாசற்படியில் பிள்ளையோடு நின்றுவிட்டாள்.

“ஐயய்ய, என்னய்யா இது, பேர் வைக்கப்போற எடத்துல?” யாரோ எழுந்தார்கள். ஆனந்தராஜ், “மாமா, மாமா” என்றான்.

அவருடைய விரல் மட்டும் நீண்டது. விரலையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“இப்பிடி வெள்ளையா போகுது. மூத்திரம் மஞ்சளாப் படியுது. சோப்புப் போட்டேன். சிவக்கல.”

சந்தனமாரி சிரிப்பதை நிறுத்தினாள். “சிவக்கலையா?”

“சிவக்கல.”

“மஞ்சத் தேய்க்கிற பிள்ளைதான?”

“ரெண்டு நாளாத் தேய்க்கல.”

அவள் குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. எழுந்து போய் ஈஸ்வரியிடமிருந்து பிள்ளையை வாங்கி, தெருவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முந்தானை நுனியை நாக்கில் நனைத்து மையை வழித்து எடுத்தாள். பிள்ளை வீறிட்டது. கட்டைவிரலால் இமையைத் தூக்கினாள். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. பின்னால் வந்து நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

“எத்தனை நாளா இப்பிடிப் போறா?”

“பாலு குடிக்கிற பிள்ளை, அப்பிடித்தான்னு...” ஈஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

“நீங்க சொல்லுங்க சம்பந்தி. எத்தனை நாளா?”

கொடியில் ஒரு கிளிப்பு குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். அவருக்குத் தெரியவில்லை.

“தெரியலம்மா. இருட்டோட இருட்டாத் தொவைச்சேன். நல்லா வெளுக்குதுன்னு நெனைச்சேன். எல்லாத்தையும் தொவைச்சுட்டேன்.”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது வரும், ஆம்பளை பார்த்த பிரசவம் என்று இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“ஆனந்து, வண்டியத் திருப்பு. மதுரைக்குப் போறோம்.”

“அத்தாச்சி, பத்தரைக்கு நல்ல நேரம்” என்றார் கூட வந்த ஒருவர். “பேர மட்டும் வச்சிட்டு...”

“பேரு எங்கயும் ஓடிப் போயிராது. நீ வழிய விடு.” பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டே திரும்பினாள். “சம்பந்தி, அந்தத் துணிய அலசிறாதீக. அப்பிடியே கொண்டாங்க. டாக்டரு பாக்கட்டும்.”

குருவையா துணியை மடித்தார். வண்டி தெருவில் நின்றது. அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, துணியை இரண்டு கையிலும் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஆனந்தராஜ் சாவியைப் போட்டவன், கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, தயங்கி, “மாமா, அத ஒரு கவர்ல போட்டு டிக்கியில வச்சிருவமா? வாடை வரும்” என்றான்.

“வேண்டாம் மாப்பிள்ளை. எங்கயாவது மாறிப் போயிரும். கையிலயே இருக்கட்டும்.”

தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார்.